பெட்டிக்கு ஒரு பிடி

சுகிர்தன் மல்லாவிக்கு வந்தால் படலைக்கு வெளியிலேயே ஹோர்ன் அடித்து ஊரைக் கூட்டுகிறவன். ஏற்றுமதி உதவித் திட்டத்தின் வெளிக்கள உத்தியோகத்தன். கழுத்தில் அடையாள அட்டை, வாயில் எப்போதும் ஒரு நல்ல செய்தி. அன்றைக்கு அவன் மோட்டார் சைக்கிளை ரோட்டிலேயே நிற்பாட்டி, உருட்டிக்கொண்டு உள்ளே வந்தான். அதைக் கண்டதும் கோகுலன் வட்டவாளை நிறுத்தினான். வாள் சுற்றி ஓயும்வரை இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கெட்ட செய்திக்கு ஹோர்ன் அடிக்கிற வழக்கம் எங்கள் பக்கம் இல்லை.

கோகுலனின் மரக்காலை என்றதும் பெரிதாக எதையும் நினைத்துவிட வேண்டாம். ஒரு தகரக் கொட்டில், சீமெந்து நிலம், ஒரு வட்டவாள், பலகை சீவுகிற ஒரு மெஷின், கூலிக்கு இரண்டு பேர். ஒன்பது வருடம் கட்டாரில் தச்சுப் பட்டறையில் நின்றுவிட்டு, இரண்டு வருடத்துக்கு முன் வந்து, "இனிப் போகமாட்டன்" என்று ஊரறியச் சொல்லிப் போட்ட கொட்டில் அது. சொல்லிவிட்டான். ஆனால் ஊர்ச்சனம் அதற்குள் அலுமினியக் கதவுக்கும் பிளாஸ்ரிக் கதிரைக்கும் மாறியிருந்தது. வெளிநாட்டுக் காசில் வீடு கட்டுகிறவனுக்கு உள்ளூர் மரத்தில் கதவு போடுவது மரியாதைக் குறைவு.

அந்த நேரத்தில்தான் திட்டம் வந்தது. சிறிய மரக்காலைகளை உலகச் சந்தைக்குக் கொண்டுபோவார்களாம். வவுனியாவில் குளிரூட்டிய மண்டபத்தில் செயலமர்வு வைத்தார்கள். மீன் ரோல்ஸும் பால்தேத்தண்ணியும் கொடுத்தார்கள். வேப்பம் பலகையில் மரக்கறி வெட்டினால் கிருமி அண்டாது என்று வெள்ளைக்காரன் கண்டுபிடித்திருக்கிறானாம்; ஒஸ்ரேலியாவில் அதற்குக் கிராக்கியாம். வேம்பில் ஆட்டுக்கொட்டிலுக்குக் கப்புக்கால் நடுகிற ஆட்கள் நாங்கள். கேட்டுச் சிரித்தோம். கோகுலன் சிரிக்கவில்லை. கட்டாரில் மரத்தின் விலையைப் பார்த்தவன் அவன்.

ஒரு மரக்காலையால் ஒரு கொள்கலனை, எங்கள் பேச்சில் ஒரு பெட்டியை, நிரப்ப முடியாது என்பதால் ஐந்து மரக்காலைகளை ஒன்றாகச் சேர்த்தார்கள். முதற் கொள்கலனின் கப்பல் செலவு திட்டத்தினுடையது. அது நல்லபடி போய்ச் சேர்ந்தால் வாங்குகிறவர் ஒரு வருடத்துக்கு ஒப்பந்தம் எழுதுவார். எழுதினால் கோகுலன் பெண்சாதி பிள்ளையோடு ஊரில் இருப்பான். எழுதாவிட்டால் கட்டார். பழைய கம்பனி திரும்ப ஆள் எடுக்கிறது. வருகிறாயா இல்லையா என்பதை இந்த மாதம் இருபதாம் திகதிக்குள் சொல்லச் சொல்லியிருந்தார்கள். அந்தத் திகதி பெண்சாதி கஜனிக்குத் தெரியும். மகள் யதுர்ஷிகாவுக்கும் தெரியும். ஒன்பது வயதுப் பிள்ளை, கலண்டரில் இருபதுக்கு மேல் ஒரு பூ ஸ்ரிக்கரை ஒட்டி மறைத்து வைத்திருந்தது. இன்றைக்குப் பதினேழு.

"பெட்டி போய்ச் சேர்ந்திட்டுது அண்ணை," என்றான் சுகிர்தன்.

"சேர்ந்ததெண்டால் ஏன் முகத்தை உப்பிடி வைச்சிருக்கிறாய்?"

"துறைமுகத்திலை பிடிச்சிட்டாங்கள். பெட்டிக்குள்ளை இருக்கக் கூடாத சாமான் இருந்ததாம்."

"என்ன சாமான்? கஞ்சாவோ?" கோகுலன் பகிடியாகத்தான் கேட்டான். சுகிர்தன் கைத்தொலைபேசியை எடுத்து நீட்டினான்.

படத்தில், நீலக் கையுறை போட்ட ஒரு கை. உள்ளங்கையில் காய்ந்த இலைகள் கொஞ்சம். பக்கத்தில், எத்தனை சென்ரிமீற்றர் என்று காட்ட ஓர் அடிமட்டம். கொலைக்கத்தியைப் படம் எடுக்கிற மாதிரி எடுத்திருந்தார்கள்.

கஜனி அந்த நேரம்தான் குசினியிலிருந்து பிளேன்ரீ கொண்டு வந்தாள். தட்டைப் பலகைக் குவியலின் மேல் வைத்துவிட்டு, இரண்டு ஆண்களும் அப்படி எதைப் பார்க்கிறார்கள் என்று எட்டிப் பார்த்தாள். பார்த்ததும் அவளுடைய முகம் மலர்ந்தது.

"உது நான் போட்டதெல்லோ! இவ்வளவு தூரம் போயும் நிறம் மாறேல்லை, பாருங்கோ. நிழல்லை காயவைச்சபடியாலை." பிறகு சுகிர்தனின் முகத்தைப் பார்த்தாள். "ஏன் தம்பி, பூச்சி கீச்சி வந்திட்டுதோ? பெட்டிக்கு ஒரு பிடி காணாதோ?"

சுகிர்தன் தேத்தண்ணியை எடுத்தான். குடிக்காமல் திரும்ப வைத்தான்.

கஜனி ஜெயபுரத்துக்காரி. கமக்காரக் குடும்பம். விதை உழுந்தை உரப்பையில் கட்டும்போது காய்ந்த வேப்பிலையை ஒரு பிடி போட்டுக் கட்டுவது அவர்கள் வீட்டில் மட்டுமல்ல, வன்னியில் எந்த வீட்டிலும் உள்ள வழக்கம். நெல்லுக்கும் போடுவார்கள், பயறுக்கும் போடுவார்கள், பெட்டியில் வைக்கும் கூறைச்சேலைக்கும் போடுவார்கள். ஆடி மாதம் கோகுலன் அத்தாட்சிப் பத்திரங்களுக்காக வவுனியாவுக்கும் கொழும்புக்கும் அலைந்துகொண்டிருந்தபோது, ஐந்து காலைகளின் பலகைகளையும் இந்தச் சீமெந்து நிலத்தில் அடுக்கித் துடைத்து, கடதாசி சுற்றிப் பெட்டிகட்டியவள் அவள்தான். ஒன்பது நாள் வேலை. இலையை உப்புத் தண்ணியில் அலசி, ஈர்க்குக் கழித்து, கொட்டிலின் நிழலில் பாயில் பரவிக் காயவைத்து, பெட்டிக்கு ஒரு பிடியாக அடியில் தூவினாள். அதை ஒளித்தும் செய்யவில்லை, சொல்லியும் செய்யவில்லை. கறிக்கு உப்புப் போடுவதை யாரும் சொல்லிக்கொண்டா போடுகிறார்கள்? எங்களில் யார் அன்றைக்கு அதைப் பார்த்திருந்தாலும், கெட்டிக்காரி என்றுதான் சொல்லியிருப்போம்.

"அக்கா," என்றான் சுகிர்தன், "மண், மரப்பட்டை, இலை, விதை ஒண்டும் பெட்டிக்குள்ளை இருக்கக் கூடாது. செயலமர்விலை சொன்னது."

"நான் அதுக்கு வரேல்லையே. ஒரு காலைக்கு ஒராள் எண்டுதானே கூப்பிட்டனீங்கள்."

"ஓம் அக்கா."

"இவர் வந்து சொன்னவர், ஒரு பூச்சி உயிரோடை இருந்தாலும் முழுப்பெட்டியும் போச்சுதெண்டு. அந்தப் பயத்திலைதான் போட்டனான். வேப்பிலை பூச்சிக்கு எதிரிதானே?"

"ஓம்."

"பலகையும் வேம்புதானே?"

"ஓம் அக்கா."

"அப்ப மரம் போகலாம், இலை போகக் கூடாதோ?"

"அதுதான் அவையின்ரை சட்டம். மரத்தைச் சூடுகாட்டி அத்தாட்சி எடுத்தனாங்கள். இலைக்கு அத்தாட்சி இல்லை. இலையிலை என்ன நோய் இருக்கெண்டு அவைக்குத் தெரியாதாம்."

செயலமர்வு முடிந்து வந்த அன்று பின்னேரம் கோகுலனுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. மகளுக்கென்று கடதாசியில் சுற்றிக்கொண்டு வந்த ரோல்ஸைக் கொடுத்துவிட்டு, கதிரையில் சாய்ந்திருந்து பூச்சிக் கதையை மட்டும் சொன்னான். மண், பட்டை, இலை என்று திரையில் ஒரு பட்டியல் போனது உண்மை. பலகைப் பெட்டிக்குள் இலையை யார் போடப்போகிறார்கள் என்று அதை வீட்டுக்குக் கொண்டுவராமல் விட்டுவிட்டான். இத்தனைக்கும் பெட்டி கட்டுகிறவள் அவள் என்று அவனுக்குத் தெரியும்.

"இப்ப என்ன செய்யலாம்?" என்று கேட்டான்.

"எல்லாப் பெட்டியையும் திறந்து மருந்தடிக்கலாம், திருப்பி எடுக்கலாம், இல்லாட்டி எரிக்கலாம். மூண்டிலை ஒண்டை வாங்கிறவர் சொல்லோணும். எரிக்கிறதுதான் மலிவு."

"சொல்லிட்டாரோ?"

"போன கிழமை சொல்லியிருக்கிறார். நேற்று எரிச்சிட்டாங்கள் அண்ணை."

நாலாயிரத்து இருநூறு பலகை. ஒவ்வொன்றும் நாலு தரம் சாண்ட் பேப்பர் பிடித்து, தேங்காயெண்ணெய் பூசி, கன்னத்தில் வைத்துத் தேய்த்துப் பார்த்தது. கஜனி கையிலிருந்த துவாயை மடித்தாள், விரித்தாள், திரும்ப மடித்தாள். ஒப்பாரி வைக்கிற பெண் இல்லை அவள். ஆனால் அந்த நேரம் நிலம் பிளந்து தன்னை விழுங்கியிருந்தால் ஒரு சொல் சொல்லாமல் போயிருப்பாள்.

"மேல் ஆக்களிட்டைக் கேளன்ராப்பா," என்றான் கோகுலன். "அடுத்த பெட்டியை எங்கடை செலவிலை அனுப்புவம். ஒரு தரம்."

"திட்டம் இந்த மாதத்தோடை முடியுது. எனக்கும் இந்த மாதத்தோடை முடியுது." சுகிர்தன் கழுத்து அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு சொன்னான். "அறிக்கை ஒண்டு எழுதுவினம். 'கற்றுக்கொண்ட பாடங்கள்' எண்டு அதிலை ஒரு பக்கம் இருக்கும். அதிலை இதைப் போடச் சொல்லிச் சொல்லியிருக்கினம்."

மத்தியானச் சோற்றுக்குக் கஜனி வவுனிக்குளத்து ஜப்பான் மீன் குழம்பு வைத்திருந்தாள். ஒருவரும் சாப்பிடவில்லை. வெளியே மேகம் மூட்டம் போட்டுப் போட்டுக் கலைந்தது. புரட்டாதி முடிகிறது, வயற்காரர் விதைப்புக்கு வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மரக்காலைக்காரனுக்கு அதே மழைதான் எமன். மாரி தொடங்கினால் தை வரைக்கும் பலகை காயாது. இன்னொரு பெட்டி என்று கோகுலன் கேட்டதே வாய்க்கு வந்த கேள்விதான். அவனுக்கும் அது தெரியும்.

பின்னேரம் மூன்று மணிக்கு மற்ற மரக்காலைக்காரர் வந்தார்கள். இரண்டு பேர் தொலைபேசியிலேயே ஏசி முடித்துவிட்டபடியால் வரவில்லை. ஓமந்தையிலிருந்து வீரகத்தி பஸ்ஸில் வந்தார். அறுபது வயது, வாய் பொல்லாதது, கைத்தொழில் சுத்தமானது. முல்லைத்தீவிலிருந்து ஹமீட் வந்தார். இருபத்தைந்து வருடம் புத்தளத்தில் அகதியாக இருந்துவிட்டுத் திரும்பி வந்து, வாப்பாவின் காணியில் ஒரு வாளோடு தொடங்கியவர். சாண்ட் பேப்பர் பிடித்துப் பிடித்து அவருடைய மனைவி ஜொஹறாவின் விரல் நுனியில் ரேகை அழிந்துபோய், அடையாள அட்டைக் கந்தோரில் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்பதை ஒரு பகிடியாக எல்லாரிடமும் சொல்லித் திரிந்தவர். அன்றைக்கு அவரிடம் பகிடி இல்லை.

படம் கைமாறிக் கைமாறிப் போனது. வீரகத்தி அதைத் தூரத்தில் பிடித்து, கிட்டப் பிடித்துப் பார்த்தார்.

"இது ஆர் போட்டது?"

சுகிர்தன் நிலத்தைப் பார்த்தான். அவனுடைய பத்து மாத உத்தியோகத்தில் அவன் செய்த ஒரே உருப்படியான உதவி, அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு இருந்ததுதான்.

"நான்தான் போட்டனான்," என்றான் கோகுலன்.

குசினி யன்னலுக்குள் கஜனி நிமிர்ந்தாள்.

"நீயோ?" வீரகத்தி எழும்பிவிட்டார். "கட்டாரிலை ஒன்பது வருசம் மரத்தோடை நிண்டவனெண்டு உன்னை நம்பித்தானேடா எங்கடை சாமானைக் கொண்டுவந்து கொட்டினனாங்கள்? கிணத்தடியிலை நிண்ட ரெண்டு வேம்பையும் உன்ரை கதையைக் கேட்டுத் தறிச்சனான். சண்டைக்குத் தப்பின மரமடா அது. ஆமி தறிக்கேல்லை, இயக்கம் தறிக்கேல்லை, நான் தறிச்சன். இண்டைக்கு என்ரை மனிசி வெய்யிலுக்கை நிண்டு தண்ணி அள்ளுறாள்."

"பிழைதான் அண்ணை."

"பிழையோ? சின்னப்பிள்ளை புத்தகத்தைக் கிழிச்சாப் பிழை. இது பிழையோ?"

"விடுங்க வீரகத்தியண்ணை," என்றார் ஹமீட். "வேணுமெண்டா செய்தவர்? எங்களுக்கு எழுதினது அவ்வளவுதான்." பிறகு கோகுலனிடம் தணிந்த குரலில், "ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் தம்பி. ஒரு போன் போட்டு, நானா, இலை போடட்டோ எண்டு. எனக்கும் தெரிஞ்சிராது, ஆனா ரெண்டு பேருமாச் சேர்ந்து பிழை விட்டிருப்பம்" என்றார். வீரகத்தியின் ஏச்சையெல்லாம் தாங்கி நின்ற கோகுலன், இந்தச் சொல்லுக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

கஜனியால் அதற்கு மேல் உள்ளே நிற்க முடியவில்லை. ஈரக்கையோடு வந்து கொட்டிலின் நடுவில் நின்றாள்.

"அவர் போடேல்லை. நான் போட்டனான். அவர் அண்டைக்கு ஊரிலையும் இல்லை. என்னை ஏசுங்கோ."

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். வீரகத்தியின் கோபம் அந்தக் கணமே இறங்கிவிட்டது. நல்லதுக்கென்று நினைத்துவிட வேண்டாம்.

"போ பிள்ளை, உள்ளை போ. புருசனைக் காப்பாத்த வாறாய், விளங்குது. நல்ல பெண்சாதி. ஆனா இது ஆம்பிளையளின்ரை கணக்கு."

"இல்லை அண்ணை, மெய்யாத்தான். நான்தான் காயவைச்சு, பெட்டிக்கு ஒரு பிடி..."

"சரி பிள்ளை, சரி."

"ஹமீட் நானா, நீங்களெண்டாலும் கேளுங்கோ."

ஹமீட் இரக்கத்தோடு தலையை ஆட்டினார். "அல்லாஹ் உங்களை நல்லா வைப்பான் தங்கச்சி. புருசனுக்காக இப்படி வந்து நிக்கிற பொம்பிளையள் குறைவு."

அவள் கோகுலனைப் பார்த்தாள். அவன் குனிந்து ஒரு பலகைத் துண்டை எடுத்துக் குவியலில் வைத்தான். தான் செய்ததைத் தான்தான் செய்தேன் என்று சொல்லியும், அந்தப் பிழையை அவளிடமிருந்து வாங்கிக்கொள்ள அங்கே ஒருவருமில்லை. ஏச்சு வாங்கியிருந்தால் கொஞ்சமாவது ஆறியிருப்பாள். நல்ல பெண்சாதி என்று பட்டம் கொடுத்துக் குசினிக்கு அனுப்பிவிட்டார்கள்.

நாலேகாலுக்கு எல்லாரும் போனார்கள். ஹமீட் போகும்போது கோகுலனின் தோளைத் தொட்டுவிட்டுப் போனார். வீரகத்தி தொடவில்லை. படலையில் நின்று திரும்பி, "இனி ஓமந்தைப் பக்கம் என்ரை கண்ணிலை முழிக்காதை," என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு நடந்தார். சுகிர்தன் மோட்டார் சைக்கிளை ரோடு வரைக்கும் உருட்டிக்கொண்டு போய்த்தான் ஸ்ராட் செய்தான்.

கஜனி கொட்டிலுக்கு வந்தாள். கோகுலன் வட்டவாளுக்குக் கிறீஸ் பூசிக்கொண்டிருந்தான். நாளைக்கும் வேலை இருக்கிற ஆள் வாளுக்கு அவ்வளவு கிறீஸ் பூசமாட்டான்.

"இஞ்சருங்கோ, ஏன் அப்பிடிச் சொன்னனீங்கள்?"

"வேறை என்னத்தைச் சொல்லுறது?"

"நான் செய்ததை நான் செய்ததெண்டு. உங்களுக்கு என்னிலை கோவமில்லையோ?"

"கோவமோ?" அவன் கிறீஸ் கையைச் சாறத்தில் துடைத்தான். "இலையெண்டும் சொன்னவங்கள், கஜனி. திரையிலை போட்டுக் காட்டினவங்கள். நான்தான் உனக்கு வந்து சொல்லேல்லை. கோவப்படுறதெண்டால் ஆரிலை படுறது?"

"அதுக்கு ஏன் முழுப்பழியையும் நீங்கள் எடுக்கோணும்? வீரகத்தியண்ணை கண்ணிலை முழிக்காதையெண்டு சொல்லிட்டுப் போறார்."

"முழிக்கமாட்டன்தானே."

அவன் அதைச் சாதாரணமாகச் சொன்னான். பிறகு, அவளுக்கு விளங்கவில்லை என்று நினைத்து, வாளைப் பார்த்துக்கொண்டு மிச்சத்தையும் சொன்னான்.

"நான் போறவன். நீ இஞ்சை இருக்கப்போறவள். நாளைக்குக் கடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் இந்தச் சனத்துக்கு முன்னாலை நீயெல்லோ போகோணும். அந்தா போறாள் பெட்டியை எரிச்சவள் எண்டு பிள்ளைக்கு முன்னாலை ஆரும் சொல்லப்படாது. என்னைச் சொன்னால் சொல்லட்டும். எனக்கு அங்கை கேளாது."

கஜனி விளக்குமாற்றை எடுத்தாள். மரத்தூளைக் கூட்டத் தொடங்கினாள். கூட்டத் தேவையில்லாத இடத்தையும் கூட்டினாள். போகாதேங்கோ என்று சொல்ல வாய் வந்தது. எந்த முகத்தோடு சொல்லுவது? அவன் இருக்க வேண்டும் என்றுதான் ஒவ்வொரு பிடியையும் போட்டாள். ஒவ்வொரு பெட்டியையும் மூடும்போது, இவரை இஞ்சை வைச்சிரு என்று பிள்ளையாரிடம் கேட்டு மூடினாள். அதை இனி யாருக்குச் சொல்லுவது?

பள்ளிக்கூடத்தில் நடனப் பழக்கம் முடிந்து யதுர்ஷிகா வந்தாள். புத்தகப் பையை இறக்காமல், தகப்பனின் முகத்தையும் தாயின் முகத்தையும் பார்த்துவிட்டு, பலகைக் குவியலின் மேல் குந்தினாள்.

ஐந்தரைக்குக் கோகுலன் கைத்தொலைபேசியை எடுத்தான். அங்கே மூன்று மணி. கொட்டிலின் மூலைத் தூணில் சாய்ந்து நின்று எண்ணை அழுத்தினான்.

"ஹலோ சேர். யெஸ் சேர். கோகுல், சேர். ஸ்ரீலங்கா கோகுல்... யெஸ், யெஸ், கார்பென்டர் கோகுல்."

அந்தப் பக்கத்தில் ஒருவன் உரத்துக் கதைத்தான். சொல் விளங்கவில்லை, சத்தம் மட்டும் கேட்டது. ஒரு பகிடி சொல்லியிருக்க வேண்டும். போனவன் திரும்பித்தான் வருவான் என்று எனக்குத் தெரியும் என்கிற மாதிரி ஏதோ ஒன்று. அதற்குக் கோகுலன் சிரித்தான்.

கஜனியின் கை நின்றது. கலியாணம் கட்டிப் பன்னிரண்டு வருடத்தில் அந்தச் சிரிப்பை அவள் கேட்டதில்லை. மூக்காலும் தொண்டையாலும் சின்னதாக வெளிவந்து, மற்றவன் நிறுத்தும்வரை நிறுத்தப் பயந்து தொடர்ந்த சிரிப்பு. எதிரில் ஒருவரும் இல்லாதபோதும் அவன் முதுகை வளைத்திருந்தான். "யெஸ் சேர். தாங்க்யூ சேர். மிஸ்டேக் சேர், மை மிஸ்டேக், சேர்," என்று சொல்லித் திரும்பவும் சிரித்தான். ஒன்பது வருடம் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவன் வீட்டுக்குக் கதைத்த குரல் நல்ல கனத்த குரல். இந்தச் சிரிப்பைச் சிரித்து முடித்துவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு எடுத்த குரல் அது என்று அவளுக்கு இப்போது விளங்கியது. அந்தச் சிரிப்புக்குள் அவனைத் தன் கையாலேயே திரும்பப் பிடித்துக் கொடுத்துவிட்டாள்.

"அம்மா," என்று யதுர்ஷிகா மெல்லக் கேட்டாள், "அப்பா ஏன் அப்பிடிச் சிரிக்கிறார்?"

கஜனி மகளைப் பார்க்கவில்லை.

"வேலை குடுத்திட்டாங்களாம் பிள்ளை," என்றாள்.